நீ விற்ற ஞாயிற்றுக்கிழமை

மகனுக்கு,

இன்று 2018 ஆகஸ்ட் மாதம் பன்னிரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு எழுபத்தொன்பது வயதும் நான்கு மாதங்களும் ஒன்பது நாட்களும் ஆகின்றன. என் புத்தி தெளிவாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகவே நாட்களையும் சேர்த்து எழுதுகிறேன். இதை வாசித்து முடித்ததும், அம்மாவுக்கு மறதி தொடங்கிவிட்டது என்று நீ யாரிடமாவது சொல்லக்கூடும். தொடங்கவில்லை. உறையில் இட்டு உனக்கு மட்டும் அனுப்பாமல் ஊரறிய அச்சில் ஏன் போடுகிறேன் என்றும் கேட்பாய். எங்கள் குடும்பத்துக் காரியம் ஒன்றை நீ பாரிஸ் நகரத்தில் சுவரில் மாட்டி, எல்லோரும் பார்க்க விற்றிருக்கிறாய். அதற்கான பதிலையும் எல்லோரும் பார்க்கட்டும். மேலும், இதை வாசிக்கவேண்டிய வேறொருவரும் இருக்கிறார். அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எட்டு ஆண்டுகளாக எனக்கு வரவில்லை.

போன மாதம் பத்து நாள் விடுமுறையில் வந்தாய். மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு மேசையில் இருந்த பாரை மீன் குழம்புச் சட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, உன் கணினிப் பலகையை என் முன்னால் நிறுத்தி வைத்தாய். உன் கண்காட்சியைக் காட்டப் போவதாகச் சொன்னாய். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வெள்ளை அடித்த பெரிய அறை ஒன்று தெரிந்தது. படம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். அறை தெரிந்துகொண்டே இருந்தது. எப்போது தொடங்கும் என்று கேட்டேன். "இதுதான் அம்மா," என்றாய். அதன் பிறகுதான் மூலையில் கொஞ்சம் மணலும், மணலில் ஊன்றிய உன் அப்பாவின் பூவரசந் தடியும் கண்ணில் பட்டன. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் அப்பாவின் ஞாபகத்துக்கு என்று சொல்லி நீ கேட்டு வாங்கிப் போன அதே தடி. எதிர்ச் சுவரில் ஒரேயொரு தாள். நல்ல உடுப்புப் போட்ட வெள்ளைக்காரர்கள் கையில் கிண்ணத்துடன், பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிட நிரையில் நிற்பவர்களைப்போல, அந்த ஒன்றுமில்லாத அறையைச் சுற்றி மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள்.

தாளில் இருந்ததை நீயே எனக்கு வாசித்துக் காட்டினாய். இதை வைத்திருப்பவர் பேசாலைக் கரையில், என் தந்தை கரைவலை வளைத்த பாட்டில், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வலையின்றி நிற்கும் உரித்துடையவர். அவ்வளவுதான். இதை ஒரு சுவிஸ்காரர் வாங்கியிருக்கிறார் என்றாய். என்ன விலைக்கு என்றும் சொன்னாய். அந்த எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. இந்த ஊரில் அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம் என்பது போதும். என் வாய் திறந்தபடியே இருந்தது என்று நீ பிறகு சிரித்தாய். திறந்துதான் இருந்திருக்கும். யுத்தத்தில் ஷெல் விழுந்து இந்த வீட்டின் ஓடுகள் பறந்தபோதுகூட நான் வாயை மூடிக்கொண்டுதான் மேசைக்குக் கீழே போனேன்.

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் திரேசம்மா வேலியால் எட்டிப் பார்த்து உன்னிடம் கேட்டது நினைவிருக்கும். "தம்பி, கொப்பான்ர தடியை வித்தனீங்களாம், உண்மையே? எங்கட வீட்டில ஆறு தடி கிடக்கு. வேணுமெண்டால் கொண்டு போங்கோ." நீ பொறுமையாக விளக்கினாய். "தடியை விக்கேல்லை அன்ரி. தடி சும்மா. எண்ணத்தைத்தான் வித்தனான்." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எங்கட வீட்டில இல்லைத் தம்பி," என்று திரும்பவும் வலைக்குள் குனிந்துவிட்டாள். நீ சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அடுத்ததாக நீ ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாய். வாங்கியவரின் சட்டத்தரணி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்கிறாராம். அப்பாவின் ஞாயிற்றுப் பாட்டுக்கு உரிய பழைய பத்திரத்தை அலுமாரியிலிருந்து எடுத்து, அவருடைய மனைவி என்ற முறையில் நான் ஒப்பமிட்டு, இரண்டையும் சேர்த்து மன்னார் ரவுணிலிருந்து அனுப்பவேண்டுமாம். எனக்குத் தலை சுற்றியது. குருதியழுத்தம் என்று நினைத்துக் குளிசை எடுத்துத் தந்தாய். குருதியழுத்தம் அல்ல. அந்தத் தாளில் இருந்த ஒரு கிழமையின் பெயர்தான் என்னை உலுப்பியது. அதைச் சொல்வதற்கு முன்னர் வேறு சிலவற்றை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

தொட முடியாத ஒன்றுக்கு விலை உண்டா என்ற கேள்வி உனக்கு வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே எனக்கு வந்துவிட்டது. பேராதனையில் பொருளியல் படித்துவிட்டு வந்தவள் நான். ஒரு பொருளுக்குள் மனிதர் இட்ட உழைப்பே அதன் பெறுமதி என்று சோதனைத்தாளில் எட்டுப் பக்கம் எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் தங்கள் சொத்தைச் சொன்னார்கள். ஒரு வள்ளம், இரண்டு வலை, முப்பது பனை, அதோடு ஒரு வெள்ளிக்கிழமை. நான் அறைக்குள் இருந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் ஆச்சி வந்து தொடையில் கிள்ளினார். படித்த திமிர் என்று அடுத்த வீட்டார் சொன்னார்கள்; பிழையாகச் சொல்லவில்லை.

கலியாணம் முடிந்த இரண்டாம் கிழமை உன் அப்பாவிடம் உங்கள் வெள்ளிக்கிழமை எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். அவர் கோபிக்கவில்லை. என்னைக் கரைக்குக் கூட்டிப் போனார். ஓரிடத்தில் ஒரு கல்லும், நூற்றைம்பது யார் தூரம் தள்ளி ஒற்றைப் பனையும் நின்றன. "இஞ்சையிருந்து அங்க மட்டும் எங்கட பாடு. ஏழு சம்மாட்டிமார், ஏழு நாள். வெள்ளி என்ட முறை," என்றார். பாடு என்றால் வலை வளைக்கும் இடம், சம்மாட்டி என்றால் வலைக்காரர் என்பதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரியும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, மீன் வருகிறது, போகிறது, இதில் எதை நீங்கள் உடைமை என்கிறீர்கள் என்று நான் விரிவுரை செய்தேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "இஞ்ச பாரும், தண்ணி ஒருத்தருக்கும் சொந்தமில்லைத்தான். ஆனா வெள்ளிக்கிழமை நான் இல்லாட்டில் அந்த ஆறு பேரும் வலையைப் போடமாட்டினம். அதுதான் என்னட்ட இருக்கிறது." அந்த வெள்ளிக்கிழமையில்தான் இந்த வீடு கட்டினோம். நீ பிறந்ததும், பள்ளிக்கூடம் போனதும், பதினெட்டு வயதில் விமானம் ஏறியதும் அதனால்தான். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த என் சம்பளம் சில்லறைச் செலவுக்குப் போதும்.

ஒருமுறை வள்ளத்துக்கு இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு இருவரும் ஒரு கந்தோருக்குப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் பிணையாக என்ன சொத்து உண்டு என்றார். வெள்ளிக்கிழமை என்றார் உன் அப்பா, கொஞ்சமும் கூசாமல். அந்த மனிதர் பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ரீச்சர், உதைப் பூட்டி வைக்கேலுமோ?" என்றார். நான் வெட்கத்தில் தலை குனிந்தேன். உன் அப்பா வெட்கப்படவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில், பாவம் அந்த மனிசன், பூட்டு இல்லாத சாமான் ஒண்டையும் அவன் கண்டதில்லைப் போல என்று இரங்கினார். உன் வெறும் அறையைப் பார்த்த அன்று பின்னேரம் எனக்கு இந்தச் சம்பவந்தான் நினைவுக்கு வந்தது. அந்த உத்தியோகத்தரைப்போலத்தான் நானும் உன்னைப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். காண முடியாதது பொய் என்று நினைக்கும் உரிமை எனக்கு இல்லை. ஐம்பது ஆண்டுகள் நான் ஒரு கிழமையின் பெயரைச் சமைத்துச் சாப்பிட்டவள்.

இனித் தொண்ணூறுகளுக்கு வருகிறேன். கடலில் இறங்கத் தடை போட்டிருந்த ஆண்டுகள். விடிந்த பிறகு கரையில் நிற்கலாம், வலை போடக்கூடாது. உனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வயதுவரை, ஞாயிறு காலையில் நானும் நீயும் பூசைக்குப் போவோம். உன் அப்பா அந்தத் தடியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவார். தடியின் நுனியில் ஒரு முழம் வலைத்துண்டு கட்டியிருக்கும். மணலில் அதை ஊன்றி, ஒரு வலை வளைத்து இழுத்து முடிக்கும் நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் நிற்பார். பிறகு தடியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். சுவாமியார் இரண்டு முறை வீட்டுக்கு வந்து புத்தி சொன்னார். ரோந்து வந்த சிப்பாய் ஒருவன் ஏன் நிற்கிறாய் என்று அதட்டிக் கேட்டான். உன் அப்பா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், இன்று என் முறை என்றார். வலை எங்கே என்று அவன் கேட்டான். இல்லை என்றார். பைத்தியம் என்று விட்டுவிட்டுப் போனான். நீயும் ஒருநாள் பூசை விட்டு வரும் வழியில் என்னிடம் கேட்டாய், அப்பா ஏன் கோயிலுக்கு வாறேல்லை என்று. "அது அப்பான்ர முறை. முறைக்கு ஆள் நிக்க வேணும்," என்றேன். உன் கண்காட்சிப் புத்தகத்தில் ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார், போரின் நடுவே கடவுளுக்கு முதுகு காட்டிக் கடலை நோக்கி நின்ற ஒரு தனிமனிதனின் மறுப்பு என்று. அதை நீ எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாய். உன் அப்பா கடவுளுக்கு ஒருநாளும் முதுகு காட்டவில்லை, மகன். ஒவ்வொரு சனிக்கிழமையும் தனியாகப் போய்ச் செபமாலை சொல்லிவிட்டு வந்தார்.

பேசாலையில் பிறந்து வளர்ந்த எந்தப் பிள்ளையும் செய்திருக்கக்கூடாத பிழையை நீ செய்திருக்கிறாய். எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வலை போடுவதில்லை. எந்தக் கத்தோலிக்கச் சம்மாட்டிக்கும் ஞாயிற்றுப் பாடு இல்லை. உன் அப்பாவின் முறை வெள்ளி. அந்த வெள்ளிக்கு அவர் ஒருநாளும் தடி ஊன்றவில்லை என்பதை நீ கவனித்தாயா? ஊரில் இருக்கிறவனுடைய முறையை யாரும் எடுக்கமாட்டார்கள். தடையான காலத்தில் அதற்கு ஆள் நிற்கத் தேவையில்லை. ஊரைவிட்டுப் போனவனுடைய முறைக்குத்தான் ஆள் நிற்கவேண்டும். மூன்று முறை தொடர்ந்து ஆள் இல்லாவிட்டால் பாட்டின் உரித்து விட்டுப் போகும்.

அந்த ஞாயிறு எருக்கலம்பிட்டிக் காதர் நானாவுடையது. ஆதியில் சீட்டு விழுந்தபோது அவருடைய தகப்பனுக்கு வெள்ளியும் உன் பாட்டாவுக்கு ஞாயிறும் விழுந்தனவாம். அவர்களுக்கு வெள்ளி ஜும்மா, எங்களுக்கு ஞாயிறு பூசை. இரண்டு பேரும் கரையிலேயே கைகொடுத்து நாளை மாற்றிக்கொண்டார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், துப்பாக்கி வைத்திருந்தவர்கள் முஸ்லிம் சனங்கள் அத்தனை பேரையும் வெளியேறச் சொன்னபோது, காதர் நானா ஒரு மத்தியானம் சைக்கிளில் இங்கே வந்தார். நான் அப்போது அதிர்ந்ததுபோல என் வாழ்நாளில் அதிர்ந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் படித்த எந்தப் பாடமும் எனக்கு ஒரு வசனம்கூட எடுத்துத் தரவில்லை. தேத்தண்ணீர் போடவா என்று கேட்டேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது. அவர் இருந்து குடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பாட்டுப் பத்திரத்தை எடுத்து உன் அப்பாவின் கையில் வைத்தார். "சூசை, வழியில சோதிச்சு எல்லாத்தையும் பறிக்கிறாங்களாம். இது உன்னட்ட கிடக்கட்டும். என்ட ஞாயிறைப் பாத்துக்கொள்." உன் அப்பா, "ஓம் நானா," என்றார். அந்த இரண்டு சொல்லுக்குத்தான் நீ கண்ட ஐந்து ஆண்டுகளும், நீ போன பிறகு சாகும்வரையும் தடி ஊன்றினார். காதர் நானா படகில் கற்பிட்டிக்குப் போய், புத்தளத்து அகதி முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் இறந்து போனார் என்று பிறகு கேள்விப்பட்டோம். கேள்விப்பட்ட அடுத்த ஞாயிறும் உன் அப்பா போய் நின்றார்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், முதலில் பயம். வெளியேறிய சனத்தின் உடைமை யாரிடம் இருக்கிறது என்று துப்பாக்கிக்காரர்கள் வீடுவீடாகக் கேட்டுத் திரிந்த காலம். பிள்ளைகளின் வாய் பூட்டில்லாதது. கரையில் நின்ற மற்ற ஐந்து சம்மாட்டிமாரும் உண்மை தெரிந்தும், கேட்டவர்களிடம், ஞாயிறும் சூசையின் முறைதான் என்று ஒரே மாதிரிச் சொன்னார்கள். அந்த ஐவரில் இன்று உயிரோடு இந்த ஊரில் ஒருவருமில்லை. இந்தப் பொய்யை உனக்குக் கற்பித்தவள் நான். ஆகவே நீ விற்றதில் பாதிக் குற்றம் என்னுடையது. மீதிப் பாதி, நாற்பது வயதுவரை ஒரு கேள்வி கேட்காமல் இருந்த உன்னுடையது.

என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன். வெறும் அறைக்கு விலை உண்டா என்று இனி உன்னோடு வழக்காட மாட்டேன், உண்டு. பதினைந்து வயதில் நீ பார்த்தது உண்மையாகவே பெரியது, அதை நீ மறக்காமல் இருந்ததும் நல்லது. அறையில் ஒன்றும் வைக்காமல் விட்டதும் சரிதான். அங்கே வைக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் காணாத சொத்து எதுவும் தாளில் இருப்பதில்லை. உரியவன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கும்போது மற்றவர்கள் கையை எடுக்காமல் இருப்பதில்தான் அது இருக்கிறது. அப்படி யாரும் இல்லாவிட்டால் அது வெறும் அறைதான், வெறும் கடல்தான். உன் சுவிஸ்காரர் ஒரு ஞாயிறாவது இந்த வெயிலில் வந்து, வேறொருவருக்காக நிற்பாரா? கேட்டுப் பார். நிற்பார் என்றால் அவருக்கு என் மரியாதையைச் சொல். இல்லையென்றால் காசைத் திருப்பிக் கொடு, அல்லது உண்மையைச் சொல்லிவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று பார். தடி உன்னிடமே இருக்கட்டும். அது மட்டும் அப்பாவுடையது.

படிவத்தில் நான் ஒப்பமிடவில்லை. அலுமாரியில் இருந்த பத்திரத்தை நேற்று எடுத்து, திரேசம்மாவின் மருமகனிடம் கொடுத்து எருக்கலம்பிட்டிக்கு அனுப்பிவிட்டேன். காதர் நானாவின் மகள் நிஹாராவின் கைக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது; இக்கடிதத்தின் ஒரு படியும் இன்று போகும். ஞாயிற்றுப் பாடு விட்டுப் போகவில்லை. போர் முடிந்து கரை திறந்தபோது, அதற்குச் சற்று முன்னர்தான் உன் அப்பா கண்ணை மூடியிருந்த நிலையில், நான் அதை ஞாயிறு வலை போடும் தலைமன்னார்ப் பக்கத்து வலைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டேன். சூசையின் மனைவி என்பதால் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் பங்கு மீன் வாசலுக்கு வந்துவிடும். நீ ஓரமாகத் தள்ளிய சட்டியில் இருந்த அந்தப் பாரையும் அப்படி வந்ததுதான். எனக்குப் பட்டினி இருக்கவில்லை. நீ அனுப்பும் காசும் என் ஓய்வூதியமும் மிச்சம். எனக்கு அது பழகிவிட்டது, வேறொன்றும் இல்லை.

இனி நான் உன்னிடமும் சுவாமியாரிடமும் மறைத்ததை எழுதுகிறேன். திரும்பிவந்த சனங்களோடு எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் நிஹாரா ஒரு காலையில் இந்த வீட்டுக்கு வந்தாள். தகப்பனின் கண்கள் அப்படியே. ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொண்டுவந்தாள். அவளுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன், இருந்து குடித்தாள். உன் அப்பா செத்ததற்குத் துக்கம் விசாரித்தாள். பிறகு, கேட்பதற்கே கூச்சப்பட்டு, கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மாமி, எங்கட வாப்பாட ஞாயிறு எண்டு ஏதும் இருக்குதா?" நான் அலுமாரியில் முதுகு முட்டும்படியான கதிரையில்தான் உட்கார்ந்திருந்தேன். "அது அப்பவே விட்டுப் போச்சுது, பிள்ளை," என்றேன்.

அம்மா
பேசாலை